எடைக்கு எடை சர்க்கரையும் ஒரு டப்பா ஜெல்லியும்

அந்த டப்பாவை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. சமையலறை அலமாரியின் மேல்தட்டில், பழைய எண்ணெய்க் கேனுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஊதா நிறம். வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் ஒரு கரடிக்குட்டி. அதற்கு மேலே கொட்டை எழுத்தில் 'சர்க்கரை துளியும் இல்லை'. காலையில் பால் காய வைக்கும்போதெல்லாம் அந்தக் கரடியைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்வேன். "விடேன், அது என்ன செஞ்சது உன்னைய" என்பார் வீட்டுக்காரர். அவரையும் சேர்த்துத் திட்டிவிட்டுத்தான் காபியைக் கையில் கொடுப்பேன்.

எங்கள் வீடு பெருமாள்மலையில், பழனி ரோடு பிரிகிற இடத்திலிருந்து கொஞ்சம் மேலே. அவர் வேன் ஓட்டுகிறார். பூண்டியில் கேரட்டும் பூண்டும் ஏற்றிப்போய் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவார். நான் வீட்டிலேயே சாக்லேட் செய்கிறேன். கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் 'ஹோம்மேட்' என்று பை நிறைய வாங்கிப் போவார்களே, அதுதான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கட்டி கட்டியாக வரும் சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, முந்திரியோ திராட்சையோ போட்டு அச்சில் ஊற்றினால், இந்தக் குளிருக்கு அதுவே இறுகிவிடும். ஜிகினாத் தாளில் சுற்றி, என் போன் நம்பர் போட்ட டப்பாவில் அடுக்கி, ஏரிப் பக்கம் உள்ள கடைகளுக்குக் கொடுக்கிறேன்.

சுகர்காரர்களுக்கென்று 'சுகர் ஃப்ரீ' தனியாக உண்டு. அதற்கு வேறு கட்டி. அதில் சர்க்கரைக்குப் பதிலாக மால்டிட்டால் என்று ஒரு சாமான் இருக்கும். நாக்குக்கு இனிக்கும், குடல் அதை முழுசாக இழுத்துக்கொள்ளாது. அளவு மீறினால் வயிறு பிடுங்கிக்கொள்ளும். இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ருசி பார்க்கிறேன் என்று ஒரு டப்பாவை உட்கார்ந்து தின்று தீர்த்துவிட்டு, அன்று முழுக்கப் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து வீட்டுக்கே வந்து வாங்குகிறவர்களிடம் "ரெண்டு பீஸுக்கு மேல வேணாங்க" என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

கடைகளுக்குப் போகும் டப்பாக்களுக்காக அதையே சின்னச் சீட்டாக அச்சடித்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கடைக்காரர் ஒரே வாரத்தில் அத்தனை டப்பாவையும் திருப்பி அனுப்பினார். "என்னக்கா, இந்தச் சீட்டப் பாத்தா எவன் வாங்குவான்? பேதி மாத்திரைன்னுல்ல நெனப்பான். எடுத்துட்டுக் குடுங்க" என்றார். அதன் பிறகு எல்லாக் கடைக்கும் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன். மிச்சமிருந்த சீட்டுக் கட்டு, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று, மகளுக்குப் படம் வரையப் போய்ச் சேர்ந்தது.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. குறைமாதத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளை வைத்திருந்த நாட்களில், பிள்ளை பிழைத்து எழுந்தால் ஐந்தாம் வயதில் எடைக்கு எடை நாட்டுச் சர்க்கரை கொடுக்கிறேன் என்று வீட்டுக்காரர் பழனிக்கு நேர்ந்துகொண்டார். தராசின் ஒரு தட்டில் பிள்ளையை உட்கார வைத்து, மறு தட்டில் சர்க்கரை வைத்து, இரண்டும் சமமானதும் அந்தச் சர்க்கரையைக் கோயிலுக்குக் கொடுப்பது. துலாபாரம். பிள்ளை பிழைத்தாள். ஓடினாள், மரமேறினாள், தூக்கத்தில்கூட வாய் ஓயாமல் பேசினாள். ஒல்லி, அவ்வளவுதான். மலைவாழைப்பழம் என்றால் உயிர். பஞ்சாமிர்த டப்பா வீட்டுக்கு வந்தால் விரலை விட்டு அடிவரை வழித்துவிடுவாள்.

இந்த இடத்தில் என் மதினி வருகிறாள். வீட்டுக்காரரின் அக்கா, கொடைக்கானல் டவுனில் இருப்பவள். நேரில் 'வாங்க மதினி, போங்க மதினி' என்று மரியாதையாகத்தான் பேசுவேன். எழுதும்போது எனக்கு அவ்வளவு மரியாதை வரவில்லை. சத்துப் பவுடர், சத்து மாத்திரை என்று ஆளுக்கு ஆள் சங்கிலி போட்டு விற்கிற ஒரு கம்பெனியில் அவள் சேர்ந்திருந்தாள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், அவர்களுக்கு இலவச விளம்பரம் வேறு நான் செய்ய வேண்டுமா?

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மாசியில் துலாபாரம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துப் பார்த்தாள், இறக்கினாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏ புள்ள, இவளத் தட்டுல ஏத்துனா, எதுத்தட்டுல ஒரு பை சக்கரை வச்சதுமே மேல பறந்துருவாளே! எங்க சனம் அத்தனையும் வந்து நிக்கும். பட்டினி போட்டு வளத்திருக்கான்னு என் தம்பியத்தான பேசும்?"

"அவ நல்லாத்தான் இருக்கா மதினி. டாக்டரே சொல்லியாச்சு."

"டாக்டரு வந்து தராசு பிடிப்பாரா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்காரர் வேன் சாவியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவள் சொன்னது எனக்குள் ஏற்கெனவே கிடந்தது. துலாபாரம் என்றால் சொந்தக்காரர்களுக்குப் பிள்ளையின் எடையைப் பார்ப்பதுதான் வேடிக்கை. 'இம்புட்டுத்தானா?' என்று எவளாவது ஒருத்தி கேட்பாள். அந்தக் கேள்வி பிள்ளைக்கு இல்லை, பெற்றவளுக்கு. அதை நினைத்து நான் ஒரு வருஷமாகவே தூக்கம் கெட்டிருந்தேன்.

அப்போதுதான் கைப்பையிலிருந்து அந்த ஊதா டப்பா வெளியே வந்தது.

"இந்தா, வைட்டமின் ஜெல்லி. துளிச் சக்கரை கெடையாது, வெறும் சத்து. வெள்ளனே ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கூட இந்தப் பவுடரப் பால்ல கலக்கிக் குடு. ரெண்டு மாசத்துல கன்னம் வச்சுரும் பாரு. வெல்லம், தேன், வாழப்பழம் எல்லாத்தையும் நிப்பாட்டு. சக்கரை வெசம் புள்ள, தெரியுமா ஒனக்கு? மீட்டிங்ல படம் போட்டுக் காட்டுனாக."

நான் நிப்பாட்டினேன். பழத்தைப் பார்த்து மகள் அழுதபோது 'அது கெட்ட சக்கரை, ஜெல்லிதான் நல்லது' என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அவளுக்கு ஜெல்லி பிடித்துப்போயிற்று. பிடிக்காமல் என்ன செய்யும், இனிப்பாயிற்றே! நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்து, முக்காலி போட்டு ஏறி இரண்டு மூன்றை வாயில் போட்டுக்கொள்வாள். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். சத்துத்தானே, போகட்டும் என்று ஒரு கணக்கு.

ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. முதலில் காலையில் மட்டும். பிறகு பள்ளிக்கூடத்தில். வகுப்பு டீச்சர் போன் போட்டு, "மேடம், இன்னிக்கு யூனிஃபார்ம் மூணாவது வாட்டி சேஞ்ச் பண்ணியிருக்கோம், டூ சேஞ்சஸ் எக்ஸ்ட்ரா அனுப்புங்க" என்று சொன்ன குரலில் அருவருப்பு இருந்ததா, களைப்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த டீச்சர் மேலும் கோபம் வந்தது. பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக் காட்டின. வாய் ஓயாத என் மகள் பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கி நேராகப் போய்க் கட்டிலில் படுத்துக்கொள்வாள். தண்ணீர் குடித்தால்தானே வருகிறது என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்து, தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்தாள். யார் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "பாத்ரூம் எங்கம்மா?" என்று என் முந்தானையை இழுத்தாள்.

எதையெல்லாம் குற்றம் சொன்னோம் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அறைந்துகொள்ளவும் தோன்றுகிறது. பைப் தண்ணீர் என்றோம், கொதிக்க வைத்தோம். பேரிக்காய் என்றோம், அதையும் நிறுத்தினோம். குளிர் என்றோம், இரண்டு ஸ்வெட்டர் போட்டுப் புழுங்க வைத்தோம். மலையடிவாரத்தில் தொக்கம் எடுக்கிற ஒரு அம்மாவிடம் கூட்டிப்போனோம். பிள்ளை வயிற்றில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று, வயிற்றில் குழலை வைத்து வாயால் உறிஞ்சி எடுப்பார்கள். அந்த அம்மா உறிஞ்சித் தட்டில் துப்பிக் காட்டினாள்.

"பாருங்க தாயி, வாழப்பழ நாரு. எத்தன நாளா ஒட்டிக் கெடக்கு!"

என் மகள் வாழைப்பழத்தைக் கண்ணால் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அப்படியானால் அந்த நார் யாருடைய வாயிலிருந்து வந்தது என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வத்தலக்குண்டில் குழந்தை டாக்டரிடமும் காட்டினோம். மலத்தைப் பரிசோதித்தார், கிருமி ஒன்றும் இல்லை. "என்னென்ன சாப்பிடுறா?" என்று கேட்டார். இட்லி, பருப்புச் சாதம், பால், முட்டை என்று ஒப்பித்தேன். ஜெல்லி என் வாயில் வரவே இல்லை. மறைத்தேன் என்று நினைக்காதீர்கள். என் மனதில் அது சாப்பாட்டிலும் சேரவில்லை, மருந்திலும் சேரவில்லை. அவர் கொடுத்த உப்புச் சர்க்கரைக் கரைசலை ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். அந்த வாரம் பிள்ளை துவண்டு கிடந்ததால் ஜெல்லியும் பவுடரும் கொடுக்கவில்லை. வயிற்றுப்போக்கு நின்றது. டாக்டர் கைராசி என்று ஊரெல்லாம் சொன்னேன்.

மதினி பார்க்க வந்தாள். "எளச்சுப் போச்சே! ரெண்டுக்கு நாலாக் குடு, வெரசா ஏறிரும்" என்றாள்.

நாலாகக் கொடுத்தேன். மறுபடியும் ஆரம்பித்தது.

பொங்கல் முடிந்த பிறகு வீட்டுக்காரர் அவளைப் பூண்டிக்குக் கூட்டிப்போனபோது, கேரட் மூட்டை நிறுக்கும் தராசில் விளையாட்டாக நிறுத்திப் பார்த்திருக்கிறார். ஐப்பசியில் பதினாலு கிலோ இருந்தவள் பன்னிரண்டரை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது எடையைச் சொல்லிவிட்டு, "அந்தத் தராசு சரியில்ல போல" என்றார்.

"தராசு சரியில்லையா, இல்ல புள்ளையப் பெத்த நாம சரியில்லையா?" என்று கத்தினேன். தட்டை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அந்த வாரம் முழுக்க எங்களுக்குள் பேச்சு இல்லை.

அந்த வாரத்தில்தான் ஒரு மத்தியானம் அந்தப் போன் வந்தது. ஜிகினாத் தாளைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தேன். மகளுக்கு வயிறு சரியில்லை என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அந்தப் பக்கம் பேசியவர் எங்கோ சமவெளிக்காரர், அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்போல ஒரு அதட்டல் குரல்.

"என்னம்மா சாக்லேட் செய்யிற நீ? கீழ எறங்குறதுக்குள்ள நாலு எடத்துல வண்டிய நிப்பாட்டி, ரோட்டோரம் ஒதுங்க வேண்டியதாப் போச்சு! என் வயசுக்கு இது தேவையா?"

"சுகர் ஃப்ரீயா வாங்குனீங்க, சார்?"

"ஆமா."

"எத்தன சாப்பிட்டீங்க?"

"ஒரு டப்பா. சக்கரைதான் இல்லையே!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு டப்பாவா? நல்லா இருக்கு சார் நீங்க பேசுறது. அது மால்டிட்டால் போட்டது. சக்கரை இல்லங்கிறதுக்காக வாரி வாரித் தின்னா வயிறு என்னத்துக்கு ஆகும்? உங்கள மாதிரி வாட்டசாட்டமான பெரிய ஆளுக்கே ரெண்டு பீஸுதான் அளவு..."

"அம்மா! கழுவி விடு!"

பாத்ரூமிலிருந்து என் மகள் கூப்பிட்டாள். அன்றைக்கு அது ஆறாவது முறை.

அவர் போனில் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய ஆளுக்கே ரெண்டுதான் என்று நான் சொன்னது என் காதிலேயே நின்றது. போனை அப்படியே மேஜையில் வைத்தேன். பிள்ளையைக் கழுவி, உடை மாற்றிக் கட்டிலில் விட்டேன். பிறகு சுகர் ஃப்ரீ கட்டி வரும் அட்டைப் பெட்டியைப் புரட்டினேன். 'இனிப்பூட்டி: மால்டிட்டால் (965)' என்று இருந்தது. ஊதா டப்பாவை எடுத்தேன். கரடிக்குப் பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு பட்டியல். மால்டிட்டால் என்ற பேரே இல்லை. 'இனிப்பூட்டி' என்று போட்டு ஒரு எண் மட்டும். 965. பட்டியலில் அதுதான் முதல் சாமான்; எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள்.

அந்தப் பட்டியலுக்குக் கீழே மதினி அவள் போன் நம்பர் போட்ட வட்ட ஸ்டிக்கரை ஒட்டியிருந்தாள். நகத்தால் சுரண்டினேன். பாதி கிழிந்து பாதி வந்தது. அடியில் ஒரே ஒரு வரி. அதிகமாக உட்கொண்டால் பேதி ஆகலாம்.

வருஷக்கணக்காக இந்தச் சாமானை உருக்குகிற கை இது. யார் யாருக்கோ உபதேசம் செய்த வாய் இது. என் வீட்டு அலமாரியில் இருந்த டப்பாவைத் திருப்பிப் பார்க்க எனக்கு நேரம் இல்லை! கரடி முகத்தைப் பார்த்தேன், சர்க்கரை இல்லை என்றதைப் பார்த்தேன், பிள்ளை கன்னம் வைக்கப்போகிறது என்று பார்த்தேன். சுகர் ஃப்ரீ என்றால் வயசானவர்களுக்கு, ஜெல்லி என்றால் பிள்ளைக்கு என்று இரண்டையும் மனதுக்குள் வேறு வேறு அறையில் பூட்டி வைத்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் பிள்ளையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் டப்பாவையும் பவுடரையும் தூக்கிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டையும் படித்தார், எத்தனை கொடுத்தேன் என்றும் கேட்டுக்கொண்டார்.

"ஏன் இத அன்னிக்கே சொல்லல?"

"தோணல டாக்டர். இது வெசமா?"

"வெசம்னு சொல்ல மாட்டேன். அனுமதிச்ச சாமான்தான். பெரியவங்க அளவோட சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. பன்னண்டரைக் கிலோ புள்ளைக்கு நாளுக்கு நாலு, அது போக அவ திருடித் தின்னது. குடல் தண்ணிய இழுத்து வெளிய தள்ளத்தான் செய்யும். பவுடர்ல இருக்கிறது வேற ஒரு இனிப்பூட்டி. அதச் சின்னப் புள்ளைங்க வருஷக்கணக்காச் சாப்பிட்டா என்ன ஆகும்னு கேட்டா, எனக்கு உறுதியாத் தெரியாதுன்னுதான் சொல்வேன். உறுதியாத் தெரியாதத எதுக்குக் குடுக்கணும்?" டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேம்மா. ஒல்லியா இருக்கிற புள்ளைக்கு எதுக்குச் சக்கரை இல்லாத மிட்டாயி? அவளுக்கென்ன சுகரா? வெயிட் ஏறணும்னு சொல்லிக்கிட்டே பழத்தையும் வெல்லத்தையும் நிறுத்தியிருக்கீங்களே."

டப்பாவையும் பவுடரையும் எடுத்துப் பைக்குள் போட்டேன். வெளியே அடுத்த பிள்ளை அழுதுகொண்டிருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

விஷம் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். விஷம் வைத்தாள் என்று மதினியின் கூந்தலைப் பிடித்து ஆட்டியிருப்பேன். அது இல்லை என்று ஆனபிறகும் என் கோபம் ஒரு இம்மியும் குறையவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேராகக் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினேன்.

மதினி வீட்டு ஹாலில் மீட்டிங். எட்டுப் பத்துப் பெண்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்க்கில் டீ, தட்டில் பிஸ்கட், சுவரில் கம்பெனி படம். மதினி கையில் அதே ஊதா டப்பா. வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"மதினி, இந்த ஸ்டிக்கருக்கு அடியில என்ன எழுதியிருக்குன்னு இவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க."

"வா வா, உக்காரு. என்ன இந்த நேரத்துல?"

"உக்கார வரல. வாசிங்க."

சுரண்டின டப்பாவை அவள் மடியில் வைத்தேன். நானே சத்தமாக வாசித்தேன். என் சுகர் ஃப்ரீ சாக்லேட்டில் இருக்கிற அதே மால்டிட்டால்தான் இதிலும் என்றேன். மூன்று மாதமாக என் பிள்ளை பட்டதை, பள்ளிக்கூடத்தில் மூக்கைப் பொத்தினதை, கேரட் தராசில் நின்றதை, ஒன்று விடாமல் சொன்னேன். குரல் உடைந்தது. அது அழுகை என்று அவர்கள் நினைத்திருந்தால் தப்பு, அத்தனையும் ஆத்திரம். "தெரிஞ்சுதான ஒட்டினீங்க? எழுத்த மறைக்கணும்னுதான ஒட்டினீங்க?"

மதினி முகம் வெளுத்துவிட்டது. "சாமி சத்தியமா நான் அதப் படிக்கவே இல்ல புள்ள. காலி எடமாக் கெடந்துச்சு, ஒட்டினேன். என் தம்பி மகளுக்கு நான் கெடுதல் நெனப்பேனா?"

"படிக்காம ஊரு புள்ளைகளுக்கெல்லாம் குடுப்பீங்களா?"

ஒரு பெண் எழுந்து பையை எடுத்தாள். இன்னொருத்தியும் எழுந்தாள். யாவாரம் கையை விட்டுப் போவதைப் பார்த்ததும் மதினிக்கு வெளுத்த முகம் சிவந்தது. எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். தீபாவளிக்கு நான் கொடுத்த சுகர் ஃப்ரீ சாக்லேட் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினாள்.

"அதே சாமான்தானே இதுலயும் இருக்கு? நீதானே இப்பச் சொன்ன? நீ வாசி. இதுல எங்க எழுதியிருக்கு? நானாச்சும் தெரியாம மறச்சேன். நீ அச்சடிச்ச சீட்டையே உருவி எடுத்துட்டு வித்தவ. அந்தச் சீட்டெல்லாம் எங்க? உன் மக படம் வரஞ்சு வெளாடுறா, நான் கண்ணால பாத்தேன். இங்க வாரவுக எத்தன பேரு இதச் சின்னப் புள்ளைகளுக்கு வாங்கிக் குடுத்தாகளோ, யாரு கண்டா?"

"நான் எல்லாருக்கும் வாயால சொல்லித்தான் குடுக்கேன்."

"எனக்குச் சொன்னியா?"

சொல்லவில்லை. அவளுக்கும் சொல்லவில்லை, கடைகளில் வாங்கினவர்கள் எவருக்கும் சொல்லவில்லை. அத்தனை பெண்களும் இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை அடிக்கத்தான் எனக்குக் கை வந்தது. அவள் சொன்னதில் ஒரு பொய் கண்டுபிடித்துவிட முடியாதா என்று தேடினேன். கிடைக்காத கோபத்தில் என் ஊதா டப்பாவை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி இறங்கி வந்துவிட்டேன். இதற்காக அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தச் சீட்டுகளைப் பொறுக்கினேன். பின்பக்கமெல்லாம் சூரியன், அப்பாவின் வேன், நீளக் கை வைத்த அம்மா. வேறு அச்சடிக்கும் வரை அதையேதான் டப்பாக்களில் போட்டேன். 'சிறுபிள்ளைகளுக்கு வேண்டாம்' என்று பேனாவால் ஒரு வரி சேர்த்தேன். சீட்டைத் திருப்பி அனுப்பின அந்தக் கடைக்காரர் என்னிடம் வாங்குவதையே நிறுத்திவிட்டார். நல்லது, போகட்டும்.

ஜெல்லியையும் பவுடரையும் நிறுத்தின மூன்றாம் நாள் என் மகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றது. மருந்தும் இல்லை, தொக்கமும் இல்லை. பழம் கொடுத்தேன், கடித்தாள், ஆனால் பாதியில் வைத்துவிட்டாள். சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் பழனிக்குப் போனோம். தள்ளிப் போடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். முடியாது என்றேன். எவள் என்ன கேட்பாள் என்று பார்த்துவிடுகிறேன் என்று ஒரு வீம்பு. அவர் பக்கத்துச் சனம் அத்தனையும் வந்திருந்தது. மதினியும் வந்திருந்தாள். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மகளைத் தட்டில் உட்கார வைத்தார்கள். பட்டுப் பாவாடை அவளுக்குப் பெரிதாக இருந்தது. சர்க்கரைப் பை ஒவ்வொன்றாக மறு தட்டில் ஏறியது. பதிமூன்று கிலோவில் தட்டுகள் சமமாக நின்றன. எனக்குப் பின்னால் ஒரு குரல், "இம்புட்டுத்தானா?" என்றது. ஒரு வருஷமாகப் பயந்த கேள்வி. திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கீழே இறங்கி வந்து நிழலில் உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து மதினி கையில் கொடுத்தார், அக்காவும் நானும் சமாதானமாகட்டும் என்று அவர் நினைப்பு. மதினி ஒரு விரல் எடுத்து என் மகளின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வாழைப்பழமும் வெல்லமும் நெய்யும் எனக்கே மணத்தது. விரலை விட்டு அடிவரை வழித்துத் தின்ற பிள்ளை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இனிப்பாம்மா?"

"ஆமா தங்கம். பஞ்சாமிர்தம். உனக்குத்தான் பிடிக்குமே."

அவள் பட்டுப் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மொதல்ல பாத்ரூம் எங்க இருக்குன்னு காட்டும்மா. அப்பறமா சாப்பிடுறேன்."

மதினி கையை மடக்கிக்கொண்டு தலை குனிந்தாள். நான் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கதவைத் திறந்து, உள்ளே தண்ணீர் வருகிறதா என்றும் பார்த்துக் காட்டினேன்.